வாத்து வழக்கில் ஒரு வாய்தா

கோர்ட்டு வாசலில் கஞ்சி விற்கிறவளுக்குச் சட்டம் தெரியாமல் போனால்தான் அதிசயம். யுக்-லானுக்கோ தெரிந்தது போதாது. கிண்ணத்தை நீட்டும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்து நீட்டுவாள். ஹாங்காங் வக்கீல்கள் பாதிப் பேர் அதற்குப் பயந்தே வேறு கடைக்குப் போனார்கள்.

அவள் புருஷன் கம்-ஷிங் சிறையில் இருந்தான். உப்புப் படகைக் கொள்ளையடித்தவன் அவன்தான், ஆளை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று சீனத்துக் கான்டன் அதிகாரிகள் வெள்ளைக்கார ஜட்ஜு துரையிடம் கேட்டிருந்தார்கள். கொள்ளை நடந்த அன்று அவன் இங்கே துறையில் உட்கார்ந்து வலை பின்னியதைத் தெருவே பார்த்தது. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? இங்குள்ள கோர்ட்டு, காகிதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். கான்டனில் ஒப்புக்கொள்ளும்வரை மூங்கிலால் அடிப்பார்கள், ஒப்புக்கொண்டால் வெட்டுவார்கள்.

முதலில் அவளும் முட்டாள்தனம்தான் செய்தாள். கான்டனில் கேஸ் இழுத்தால் அடியும் கூடும், லஞ்சமும் கூடும். அந்தப் பழக்கத்தில், "சட்டுபுட்டுனு முடிச்சு விடச் சொல்லுங்கண்ணே, ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷி லோவைப் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினாள். முத்திரை சரியில்லை, மொழிபெயர்ப்பு தப்பு, துரைக்குக் காய்ச்சல் என்று வாய்தா மேல் வாய்தா விழுந்தது. துரையின் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள்.

பிறகு கம்-ஷிங்கோடு பிடிபட்ட இன்னொருவனின் கேஸ் ஒரே நாளில் முடிந்தது. சில நாளில், சீனர் கையிலிருந்த கௌலூன் கரையில் அவன் தலை உருண்டது. அன்றிலிருந்து துரையின் காய்ச்சல் நீடிக்கவேண்டும் என்று கடல் அம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றினாள். அம்மன் துரை பக்கம். அவர் குணமாகி வந்துவிட்டார்.

"எல்லாக் காகிதமும் வந்தாச்சும்மா. இனி வாய்தா கெடைக்காது" என்றார் லோ, கஞ்சியைப் பார்த்துக்கொண்டே.

யுக்-லான் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு கேள்வி கேக்கலாமா?"

"வேண்டாம்னா விட்டுடப் போறியா?"

"ஒரே வாத்தை ரெண்டு பேர் கேட்டா, முதல்ல கேட்டவனுக்குக் குடுப்போம். ஒரே ஆளை ரெண்டு கேஸ் கேட்டா யாருக்கு முதல்ல?"

லோ சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க ஒரு கேஸ் இருந்தா, அது முடியாம ஆளை அனுப்ப மாட்டாங்க."

"அப்ப என் வளையலைத் திருடிட்டான்னு நான் எழுதித் தரேன்."

"பொண்டாட்டி பொருளைப் புருஷன் எடுத்தா இவங்க சட்டத்துல அது திருட்டே இல்லம்மா."

"தூ, இதெல்லாம் ஒரு சட்டமா?" என்றாள். அப்படியே எழுந்து வாத்துக்கார ஃபூங் வீட்டுக்குப் போனாள்.

சிறையில் பார்க்க விடவில்லை. அதனால் கம்-ஷிங்குக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. கூண்டில் நின்றவனிடம், பக்கத்து வீட்டு ஃபூங்கின் வாத்தைத் திருடியதாகப் புகார் என்று லோ சொன்னதும் அவன் முகம் சிவந்தது.

"நானா? இந்தச் சொத்தைப் பய வாத்தையா? என் அப்பன் பாட்டன் எவனும் அடுத்தவன் கூண்டுல கை வெச்சதில்லய்யா!"

கோர்ட்டே சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று யுக்-லான் தலையில் கைவைத்தாள். ரோஷக்காரப் பாவி, தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறானே!

ஆனால் துரை பேனாவை எடுத்தார். குற்றத்தை மறுத்தால் விசாரிக்க வேண்டுமாம். சாட்சி உண்டா என்று கேட்டார். ஃபூங் யுக்-லானை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "பாத்தவன் என் மச்சான் சாமி. பாய்க்கப்பல்ல சிங்கப்பூர் போயிருக்கான். காத்து திரும்பினாத்தான் வருவான்."

ஆளைக் கூட்டிப்போக வந்திருந்த கான்டன் அதிகாரி குதித்தார். துரை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மச்சான் வரும்வரை வாய்தா.

ஒப்புக்கொண்டிருந்தால் சில வாரத் தண்டனையோடு கேஸ் முடிந்து ஆளைக் கான்டனுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று லோ காதோடு சொன்னார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

விலங்கோடு வெளியே வந்த கம்-ஷிங் அவளைப் பார்த்ததும் நின்றான். "ஃபூங்கை நீதான் கூட்டிட்டு வந்தியாமே? நான் திருடினேன்னு நீயும் நம்புறியாடி?"

கான்டன் அதிகாரி கை எட்டும் தூரத்தில், காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல யுக்-லானுக்கு நெஞ்சு துடித்தது.

"நம்புறேன். போய் உள்ள கெட" என்றாள்.

அவன் திரும்பியும் பார்க்காமல் நடந்தான். தெருமுனை தாண்டும்வரை அவள் அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்மேல் தலை இருந்தது.