மூன்றாவது இழுப்பு

விசில் அடித்ததும் கயிறு என் இடுப்பில் இறுகியது. கிள்ளான் திடலில் கயிறு இழுக்கும் போட்டியின் மூன்றாவது இழுப்பு. எங்களுக்கு ஒன்று, பந்திங் ஊர்த் தொழிற்சாலை அணிக்கு ஒன்று என்று சமமாக நின்றது. இதில் ஜெயிக்கிறவர்கள்தான் சிலாங்கூர் மாநில அணி. கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற நாற்பத்தொரு வயதுக்காரிக்கு, சிலாங்கூர் என்று எழுதிய சட்டை வேறெந்த வழியில் கிடைக்கும்? எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எட்டுப் பெண்களில் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் தாமரை. பதினோரு வருடமாக ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ், என் சோற்றில் பாதி அவளுக்கு.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மெயின்டெனன்ஸ் கமலநாதன். கயிற்றைவிட அவர் வாய் நீளம். "மூச்சு பத்தலயேன்னு பயப்படாதீங்க லா. மொதக் கொஞ்ச செகண்டுக்கு சதைக்குள்ள இருக்கிற சக்தியே போதும். அப்புறம் ஒடம்பு சக்கரைய காத்தே இல்லாம ஒடைச்சு ஓட்டும். அரை நிமிஷத்துல எரியும். எரியட்டும், விட்ராதீங்க. முடிஞ்சப்புறம் எல்லாரும் நாய் மாதிரி இரைப்பீங்க. இரைக்காதவ இழுக்கலன்னு அர்த்தம்" என்பார். நாங்கள் சிரிப்போம். தாமரைதான் அதிகம் சிரிப்பாள்.

அரை நிமிடம் ஆகியிருக்கும். தொடையும் முன்கையும் பற்றி எரிந்தன. எரியத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். எதிரே பந்திங்காரிகளின் காலடியில் புல் பெயரத் தொடங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது கயிறு திடீரென்று கனத்தது. என் சதைதான் என்னைக் கைவிட்டுவிட்டது. முருகா என்று கத்தினேன், சத்தம் வரவில்லை. தரதரவென்று இழுபட்டுக் குப்புற விழுந்தேன்.

மண்ணில் கிடந்து இரைத்தேன். தாமரைக்கு முன்னால் நின்ற ஆறு பேரும் அப்படியேதான் கிடந்தார்கள். ரோகிணி வாந்தி எடுத்தாள். என்னால் போயிற்று, மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

தாமரை என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "விடுங்கக்கா, உங்க கை ஓஞ்சுபோச்சு, அதுக்கு யாரு என்ன பண்ண முடியும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நடுவில் ஒரு மூச்சுகூட வாங்காமல் சொன்னாள்.

கோட்டுக்கு வெளியே இருந்து பந்திங் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் அம்மா கைதட்டிக் கூப்பிட்டார். "தாமரை! திங்கக்கிழம காலையில வந்துரு, புது வேல, லேட் ஆகாத!"

தாமரை தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எனக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மூடியைத் திருகிய கையில் நடுக்கமே இல்லை. வாங்க எனக்கு விரல்கள் விரியவில்லை, இன்னும் கயிற்றைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தன.

"நீ... ஏன்டி... இரைக்கல?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, மெல்ல, இரைக்கத் தொடங்கினாள்.