கொட்டகைக் கல்லில் மஞ்சள் குறி

முட்டி வலிக்கிற மனுஷன் மலை ஏறுவான், இறங்க மாட்டான். எங்கள் ஊரில் இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி கழன்று கையில் வரும். அதனால் வயசானவர்கள் நாங்கள் காலையில் மெதுவாக நடந்து ஏறி, மேலே ஒரு சூப்பைக் குடித்துவிட்டு, ரயிலில் இறங்கி வந்துவிடுவோம். ரயிலில் ஏறிப் போய் நடந்து இறங்குவதெல்லாம் வெளியூர்க்காரர்கள் வேலை. அவர்களுக்குப் படம் பிடிக்க வேண்டும்.

என் புருஷன் எமிலுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மனுஷன் இந்தக் கோடையில் புதன்கிழமை தவறாமல் பல்சக்கர ரயிலில் மலை மேலே ஹோன்எக் ஸ்டேஷன் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து இறங்கி வருகிறான். எதற்கு என்று கேட்டால், "சும்மா காத்து வாங்க" என்கிறான். காற்று எங்கள் வீட்டு வாசலில் இல்லையா? ஜன்னலைத் திறந்தால் பனிமலை முகத்திலேயே மூச்சு விடுகிறது. யார் காதில் பூ சுற்றுகிறான்?

நானும் முதலில் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அவன் திரும்பி வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே வரும்போது நகமெல்லாம் பளபளவென்று இருக்கும். தொழுவத்திலிருந்து நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காருகிற ஆள் இவன். நாற்பத்தொரு வருஷத்தில் நான் கத்தாமல் ஒரு நாளும் கை கழுவினது கிடையாது. இப்போது யாருக்காக இந்த நகம்?

அப்புறம் அந்தக் கோப்பைகள். அவன் பையை நான் காலி பண்ணும்போது தெர்மாஸ் குடுவையோடு இரண்டு அலுமினியக் கோப்பைகள் இருந்தன. ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் டீக் கறை.

நகரத்தில் இருக்கிற என் தங்கை மார்தாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள்.

"அறுபத்தொம்பது வயசுல எவடி வரப் போறா அவர்கூட?"

"எவளோ ஒருத்தி வரா. ரெண்டு கோப்பைல யாராவது தனியா குடிப்பாங்களா?"

மார்தா சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, "ரெண்டு கோப்பையா?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. ஹோன்எக்கிலிருந்து இறங்குகிற பாதை எங்கள் வைக்கோல் கொட்டகை வரைக்கும் வந்து, அங்கே வலது பக்கம் திரும்பி ஊர் ஸ்டேஷனுக்குப் போகும். இடது பக்கம் இருப்பது எங்கள் புல்வெளி. அதைத் தாண்டினால் எங்கள் வீடு. அறுக்காத புல்லில் கால் வைக்கிறவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். மிதித்துச் சாய்ந்த புல் அரிவாளுக்கு வராது. அறுத்துக் காயவைத்த புல்லைத்தான் குளிர்காலம் முழுக்க மாடு தின்னவேண்டும்.

அந்தக் கொட்டகையின் மூலைக்கல்லில் ஒரு நாள் மஞ்சள் குறி ஒன்று முளைத்திருந்தது. நடைபாதைக்கு ஊரெல்லாம் போடுகிறார்களே, சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி, அதுதான். ஆனால் சின்னது, முட்டி உயரத்தில், ஒரு முனை இடது பக்கம் நீண்டு. அதாவது வருகிறவனெல்லாம் என் புல்லுக்குள் இறங்கு என்று அர்த்தம். எனக்கு உச்சந்தலை கொதித்தது. கம்பி பிரஷும் டர்பன்டைனும் எடுத்துப் போய்ச் சுரண்டித் தள்ளினேன். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி அங்கேயே இருக்கிறது. திரும்பவும் சுரண்டினேன்.

பக்கத்து நிலத்து ஓஸ்வால்ட் வேலைதான் என்று முடிவு கட்டினேன். அவனுக்கும் எங்களுக்கும் வேலித் தகராறு. எமிலிடம் சொன்னேன். முப்பது வருஷம் ஊர்ப் பாதைகளுக்குக் குறி போட்டவன் எமில்தான். அவன் தூரிகை பிடிப்பான், பெயின்ட் டப்பாவை நான் பிடிப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகுதான் வேலையை இன்னொருத்தனிடம் கொடுத்தான்.

"உன் குறி மாதிரியே போட்டு வச்சிருக்கான் அந்தப் படவா. ரெண்டு தடவை அழிச்சேன். இன்னொரு தடவை வந்தாலும் அழிப்பேன்."

எமில் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழிக்காத ஹெதி. யாராவது வழி தப்பிடப் போறாங்க."

"தப்பட்டுமே, எனக்கென்ன? என் புல்லுதான் எனக்கு முக்கியம்."

செவ்வாய்க்கிழமை அந்தக் குறி மூன்றாம் தடவையாக வந்திருந்தது. அன்றைக்கே அழித்தேன். இந்த முறை கல் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தேன்.

மறுநாள் புதன். எமில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் மார்தா விட்டுப் போயிருந்த சிவப்புச் சட்டையை மாட்டி, வெயில் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன். வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. நானும்தான். அவளை என்ன கேட்பது, எமிலை என்ன கேட்பது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டை விட்டு அவன் போவதா, நான் போவதா என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது. அழுகை வந்தது. ஆனால் எதிர் சீட்டில் ஒரு குடும்பமே சாக்லேட் தின்றுகொண்டு என்னைப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

மேல் ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலில் எல்ஸ்பெத் இருந்தாள். புருஷன் செத்தவள், காதில் தொங்கட்டான் போட்டிருப்பவள். என் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். அவள் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"அட ஹெதி, என்ன இது, டூரிஸ்ட் வேஷம்? எமில் இப்பதான் இறங்கிப் போறார்."

"தனியாவா?"

"வேற யாரு இருக்கா? நல்ல கிண்டல் பிடிச்ச மனுஷன் உன் வீட்டுக்காரர். ஒவ்வொரு புதன்கிழமையும் இங்க வந்து நின்னு, 'அம்மா, கீழ போற பாதை எது?'ன்னு என்னையே கேக்கிறார். பாதை போட்டவரே கேக்கிறார், பாரேன். நானும் விடல, எழுந்து போய்க் கையைக் காட்டி அனுப்புவேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதுதானா சங்கதி, கொஞ்சல் இங்கேயே ஆரம்பிக்கிறதா என்று அவள் தொங்கட்டானை முறைத்துவிட்டுப் பாதையில் இறங்கினேன்.

பாதை முதலில் புல்மேட்டின் ஓரமாகப் போகும். எதிர்ப்பக்கம் முழுக்கப் பனிமலை. கீழே ஏரி ஒரு துண்டு தெரியும். வெளியூர்க்காரர்கள் பத்தடிக்கு ஒரு தடவை நின்று வாயைப் பிளந்தார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் வணக்கம் சொன்னார்கள். மலையில் வணக்கம் சொல்லாதவன் திருடன் என்பதுதான் எங்கள் கணக்கு. அன்றைக்கு நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

ஓடைப் பாலத்தில்தான் முதல் குறியைப் பார்த்தேன். ஊர் போட்ட பெரிய மஞ்சள் குறி மேலே இருந்தது. அதற்குக் கீழே, முட்டி உயரத்தில், சின்னதாக இன்னொன்று. புதுப் பெயின்ட். அதே கை. மரக்காட்டுக்குள் வேர்கள் படிக்கட்டு மாதிரி இறங்குகிற இடத்திலும் ஒன்று இருந்தது. மேய்ச்சல் வேலிக் கதவிலும் இருந்தது. பாதை பிரியாத, ஒரே வழியாகப் போகிற இடத்தில்கூட இருந்தது. அங்கே எதற்குக் குறி? ஓஸ்வால்ட் எதற்கு இவ்வளவு தூரம் ஏறி வந்து பெயின்ட் அடிக்கிறான்? என் சந்தேகம் அங்கேயே கொஞ்சம் தடுமாறியது. ஆனால் கோபம் காலைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

காடு முடிகிற இடத்து பெஞ்சில் எமில் உட்கார்ந்திருந்தான். நான் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவன் பையைத் திறந்து ரொட்டியை எடுத்தான், காய்ந்த சாசேஜை நறுக்கினான். தெர்மாஸைத் திறந்தான். இரண்டு கோப்பையிலும் டீ ஊற்றினான். ஒன்றைத் தன் பக்கத்தில், பெஞ்சில் வைத்தான்.

வா, வந்து தொலை, உன் மூஞ்சியைப் பார்க்கிறேன் என்று நின்றேன். பாதையில் இரண்டு பையன்கள் ஓடினார்கள். ஒரு நாய் போனது. யாரும் வரவில்லை. எமில் பக்கத்து இடத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"குடி ஹெதி. ஆறிடப் போகுது."

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டான் என்றே நினைத்தேன். ஆனால் அவன் நான் நின்ற பக்கமே பார்க்கவில்லை. அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டிக்கொண்டு டீயைப் புல்லில் ஊற்றினான். முப்பது வருஷம் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்து டீ குடித்தேன். நான் தேடி வந்தவள் நான்தான்.

எல்ஸ்பெத் சொன்னது கிண்டல் இல்லை, அவனுக்கு நிஜமாகவே பாதை மறந்துபோகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணில் பட்ட ஒவ்வொரு குறியும் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. தன் வீட்டுக்குத் தானே வழி போட்டிருக்கிறான் பாவி மனுஷன். அந்தப் பளபள நகம் பெயின்ட்டைத் தேய்த்துக் கழுவின நகம். ரயில் ஏற்றிவிட்டால் ஒரு முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வந்து சேர முடிகிறதா என்று வாரா வாரம் தன்னையே சோதித்துப் பார்த்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் எழுந்து நடந்தான், ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டுவிட்டு. நான் பின்னாலேயே போனேன், கூப்பிடத் தைரியம் இல்லாமல்.

அப்புறம்தான் கொட்டகை ஞாபகம் வந்தது. ஓடினேன். என் முட்டியும் ஒன்றும் இளசு இல்லை.

எமில் மூலைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். வெளியூர்க்காரர்கள் வணக்கம் சொல்லிக்கொண்டே வலது பக்கம் திரும்பிப் போனார்கள். அவன் கல்லில் நான் தேய்த்து வெளுத்த இடத்தைக் கையால் தடவினான். வலது பக்கம் இரண்டடி வைத்தான். திரும்பி வந்தான். இடது பக்கம் புல்லைப் பார்த்தான். எங்கள் கூரை அங்கிருந்தே தெரியும், புகைபோக்கியும் தெரியும். அவன் மறுபடி கல்லைத் தடவினான். அந்த பிரஷால் என் கையையே தேய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கிட்டே போனேன். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான்.

"நீங்க இந்த ஊராம்மா? ஹெதி வீட்டுக்கு எப்படிப் போகணும்? அவ காத்துக்கிட்டு இருப்பா. கொஞ்சம் கோவக்காரி."

"தெரியும். நானும் அங்கதான் போறேன்," என்றேன்.

"நல்லதாப் போச்சு."

அவன் கையைப் பிடித்து அறுக்காத புல்லுக்குள் இறங்கினேன். இடுப்பு உயரப் புல் இரண்டு பக்கமும் சாய்ந்தது. பாதி தூரத்தில் காற்று என் தொப்பியைத் தள்ளிவிட்டது. எமில் நின்று என்னைப் பார்த்தான்.

"நீயா? மார்தா சட்டையை எதுக்குப் போட்டிருக்க?" என்றான். பிறகு காலடியைப் பார்த்து, "புல்லை மிதிக்கிறியே ஹெதி," என்றான்.

சட்டையால்தான் அடையாளம் தெரியவில்லை என்று நான் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தொழுவத்தில் அவன் ஒளித்து வைத்திருந்த பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் குறி போட்டேன். புல்லுக்கு நடுவில் முளை அடித்து அதில் ஒன்று. வீட்டுக் கதவு நிலையில் ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஓஸ்வால்ட் வந்து நின்றான்.

"ஹெதி, உன் புல்லுலயே வழி போடுறியா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊர்ச் சனமெல்லாம் உன் அடுப்படிக்கு வந்து நிக்கப் போகுது."

"வரட்டும். வந்தா டீ குடுப்பேன். நீயும் வா," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலியை விட்டு நகர்ந்தான்.

எமில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். கதவு நிலையில் இருந்த குறியைக் குனிந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான்.

"யார் போட்டது இது? இடது முனை தொங்குது."

"நான்தான் போட்டேன். டப்பா மட்டும்தானே பிடிக்கக் கத்துக்குடுத்த."

அவன் ஈரப் பெயின்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"பரவால்ல. வழி தெரியுது," என்றான்.