கொடிக் காப்பாளர்

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளைக்கு 1993இல் யாப்பு, அதாவது சங்க விதிகள், எழுதியவன் நான். ஊரில் குடியியல் படிப்பித்தவன் என்பதால் பதினோராம் விதியைப் பிரித்தானிய நாடாளுமன்றத்திலிருந்து எடுத்தேன்.

அங்கே ஒருகாலத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பளப் பதவி கொடுத்து அவர்களின் ஆதரவை அரசர்கள் வாங்கினார்கள். அதனால் அரச முடியின் கீழ்ச் சம்பளப் பதவி ஏற்பவர் ஆசனத்தை இழப்பார் என்று விதி வந்தது. உறுப்பினர் தானாக விலகவும் வழியில்லை. ஆகவே விலக விரும்புகிறவர், சில்ரேர்ன் மலைப்பகுதியின் மேற்பார்வையாளர் பதவியைக் கேட்டு வாங்குவார். முன்பு அங்கே வழிப்பறிக் கள்ளரை அடக்கும் வேலை இருந்ததாம். இப்போது கள்ளருமில்லை, வேலையுமில்லை. பதவியை ஏற்றதும் ஆசனம் போய்விடும். எவ்வளவு அழகான பொறி!

அந்தப் பொறியை அருள்நாயகத்துக்கு வைத்தேன். வருடாவருடம் நடந்த தெரிவில் மூன்று தரமும் அவன் தலைவர், நான் உபதலைவர். யாப்பை நான் விளக்கினால் கொட்டாவி விடும் சனம், அவன் வணக்கம் சொன்னாலே சிரித்தது.

1996 பொதுக்கூட்டத்தில் எழும்பினேன்.

"எங்கட கொடிக்கு ஒரு காப்பாளர் வேணும். வருசம் ஒரு டொலர் சம்பளம். அருள்நாயகத்தை விட்டால் ஆர்?"

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் டொலரை வாங்கினான். நான் பதினோராம் விதியை வாசித்தேன்: சம்பளம் பெறுபவர் நிர்வாகக் குழுவில் இருக்க முடியாது.

செயலாளர் ஜோசப்பின் என்னை முறைத்தாள். "அண்ணை, உது கள்ள வேலை."

"யாப்பு, பிள்ளை."

"விடு ஜோசப்பின்," என்றான் அருள்நாயகம், என்னைக் காட்டி. "தில்லையம்பலத்தார் கனநாளாய் ஆசைப்பட்டவர்."

இப்படித்தான் நான் தலைவரானேன்.

ஆண்டு விழா ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கதிரை அடுக்கி, ஒலிவாங்கிக்காரரோடு வாய்ச்சண்டை போட்டு, வியர்த்து நின்றேன். கதவு திறந்தது. வெள்ளை வேட்டியுடன் அருள்நாயகம் கொடி ஏந்தி வந்தான். நானூறு பேரும் எழும்பினார்கள். எழும்பியது கொடிக்குத்தான், தெரியும். ஆனால் கொடியை அவன் நட்டுவிட்டுத் திரும்பிய பிறகும் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கைதட்டினார்கள்.

"ஒரு வேலையுமில்லை, என்ன மரியாதை பாருங்கோ," என்றாள் ஜோசப்பின். "காப்பாளர் பதவி எத்தினை வருசத்துக்கு, அண்ணை?"

தலைவர் பதவி ஒரு வருடம். காப்பாளர் பதவி ஆயுள் முழுக்க. அவன் குழுவுக்குத் திரும்பி வரவே கூடாதென்று நான்தான் தீர்மானத்தில் அப்படி எழுதியிருந்தேன்.