மூன்றாவது வளைவு

ஞாயிறு மதியம் மூன்று மணி. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு மணிக்கு மச்சானோடு கம்ப்யூட்டரில் கார் பந்தயம். வேறு ஊரில் இருக்கும் மனைவியின் அண்ணன், வாராவாரம் இன்டர்நெட்டில் அவனைத் தோற்கடித்து, 'நத்தை மாப்ள' என்று பேரே வைத்துவிட்டார். மாமனார் வீட்டு வாண்டுகள்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகின்றன. ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அந்தப் பேர் ஒழியும்.

பழி முழுக்கக் கம்ப்யூட்டர் மேல்தான். அது கிழடு. வண்டி திரும்பும்போதெல்லாம் படம் சிக்கிச் சிக்கி நகரும். இரண்டு மாதம் முன்பு அவனே, படத்தை வேகமாக ஓட்டும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினான். எள்ளளவும் மாற்றமில்லை.

நிழல், புல், மழை எல்லாவற்றையும் செட்டிங்ஸில் அணைத்தான். தேவையில்லாத புரோகிராம்களை மூடினான். பெட்டியைத் திறந்து பழைய டூத்பிரஷ்ஷால் ஃபேன் தூசியைச் சுரண்டினான். உட்கார்ந்தான், எழுந்தான், நகம் கடித்தான். பன்னிரண்டு மாடி லிஃப்டை அரை மணியில் கிளப்புகிறவன் ஒரு தகரப் பெட்டியிடம் மண்டியிடுவதா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மனைவி டார்ச்சோடு மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மானிட்டர் வயரை மேல, பழைய ஓட்டையிலயே சொருகியிருக்கீங்க. கீழ, புது கார்டுல இதே மாதிரி ஓட்டை ஒண்ணு சும்மா இருக்கே?"

அவனுக்குப் பகீரென்றது. இரண்டு மாதமாகக் கார்டு தண்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறது! வயரை மாற்றிச் சொருகினான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நான்கு மணி. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, ஜோர். மூன்றாவதில் சுவரில் போய் முட்டினான். அடுத்த சுற்றிலும் அதே சுவர். அதற்கடுத்த சுற்றிலும். படம் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அவன்தான் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திருப்பினான். போன வாரத்தைவிடப் படுதோல்வி.

"என்ன மாப்ள, இன்னைக்கும் கம்ப்யூட்டர்தானா?" ஸ்பீக்கரில் மச்சான் சிரித்தார்.

வாய் தானாகச் சொன்னது: "ஆமா மச்சான். சிக்கிச் சிக்கித்தான் ஓடுது."

"சரி, அடுத்த ஞாயித்துக்கெழம நானே வீட்டுக்கு வரேன். அதை ஒரு கை பாத்துடுவோம்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்ன, சத்தமில்லாமல் மேஜைக்கடியில் நுழைந்து வயரை உருவினான். இருட்டில் பழைய ஓட்டையைத் தேடித் தடவினான்.

டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"அது இல்லீங்க," என்றாள். "மேல இருக்கறது."