எழுதாமல் விட்ட அளவுகள்

"பிரஷர் நோட்டு எங்கக்கா?" என்று அவன் அலமாரித் துணிகளையெல்லாம் கீழே இழுத்துப் போட்டான். விடிகாலையில் மூளையில் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோன அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"வந்தவங்க உட்கார நாற்காலி பத்தல. உனக்கு நோட்டு வேணுமா?" என்றாள் அக்கா.

"அரசாங்க மாத்திரைதான்கா கொன்னுடுச்சு. நம்ம மைக் கேமராவோட வந்துட்டிருக்கான். ஆதாரம் காட்ட வேண்டாமா?"

மைக் அவனுடைய கட்சியின் கிளைச் செயலாளர். கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

தன் கட்சி தோற்று ஆட்சி மாறியதிலிருந்து இலவச மருந்தகத்தின் பிரஷர் மாத்திரை வெறும் சுண்ணாம்பு என்று மகன் சொல்லிவந்தான். நிரூபிக்க பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, இரண்டு மாதம் தினமும் அப்பாவுக்கு அளந்தான். 172, 168, 180 என்று நோட்டில் ஏறியது. "வேற டாக்டர்ட்ட போவோம். அதுவரைக்கும் இதத் தொடாதீங்க" என்றான்.

"மாத்திரைக்கு எந்தக் கட்சின்னு தெரியுமாடா?" என்று சிரித்தார் தையல்காரரான அப்பா. ஆனாலும் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவன் அளக்கவில்லை. அதுதான் நிரூபித்தாகிவிட்டதே. வேறு டாக்டரிடம் போக மூன்று வாரமாக நேரமும் கிடைக்கவில்லை. கூட்டங்கள் இருந்தன.

தேடிய நோட்டு பீரோவின் மேல் கிடந்தது, கருவியும் பக்கத்தில். அதையும் படம் எடுத்தால் ஒரு பயலும் மறுக்க முடியாது. பழைய அளவுகளைக் காட்டும் பொத்தானை அமுக்கினான்.

172. அதற்கு முந்தைய நாள் 131. பிறகு 128. 134. 169. 126.

அமுக்கிக்கொண்டே போனான். அறுபது அளவுகளில் நோட்டில் இருந்தவை ஒன்பது.

குறைவாகக் காட்டினால் கையில் பட்டை சரியாகச் சுற்றவில்லை என்று விட்டுவிட்டான். கூடுதலாகக் காட்டினால் பேனாவை எடுத்தான். ஒருநாள் அப்பா மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தபோது அளந்தது 180. பேருந்துப் பணிமனையில், பழுது என்று சொன்ன பாகத்தை நல்ல வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் யாரையும் தூக்கிப்போட விடாத மெக்கானிக் அவன்.

அக்கா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எல்லா எண்களையும் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

வாசலில் மைக் வந்திருந்தான். "நோட்டப் பிடிச்சிக்கிட்டு அப்பா பக்கத்துல நில்லுங்கண்ணே. கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லாருக்கும்."

"மாத்திரைய நான்தான் நிறுத்துனேன்."

"அது எதுக்கு இப்ப? நோட்டு போதும்."

"நோட்டு பொய்."

"யாரு எழுதுனது?"

"நான்."

மைக் அவன் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இருக்கட்டும்ணே. ஆளுங்கட்சிக்காரனுங்க இதச் செய்யக்கூடியவனுங்கதானே?"

நேற்றுவரை இதே வார்த்தையை இதே குரலில் அவனும் சொல்லியிருக்கிறான். கையைத் தட்டிவிட்டு மைக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தெருவுக்குத் தள்ளினான். "கெளம்பு. இல்லன்னா மூஞ்சி பேந்துரும்."

"வந்தவங்கள ஏன்டா வெரட்டுற?" என்றாள் அம்மா, அப்பாவின் தலைமாட்டிலிருந்து.

"சொல்றேம்மா."

கூடத்துக்குள் வந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். அவன் உட்காரவில்லை, நோட்டோடு நின்றான். சிறிது நேரம் கழித்து அவர்கள் மறுபடி பரவி உட்கார்ந்துகொண்டார்கள்.