கியர் பக்கத்துச் சின்ன மூடி

ஆட்டோமேட்டிக் கார் வேண்டாம் என்று அக்கா வீட்டுக்காரரிடம், அதாவது மாமாவிடம், தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் மெக்கானிக், வீட்டில் என் பேச்சுக்கு ஏது மரியாதை?

அன்று மத்தியானம் பட்டறையில் இருந்தபோது பக்கத்துத் தெருவில் கத்தல் கேட்டது. அக்கா வீடு. ஸ்குரூடிரைவரும் கையுமாக ஓடினேன். கார் கொட்டகைக்குள் அக்கா சுவரோடு சுவராக நின்றாள். அவள் கால்களை பம்பர் நசுக்கிக்கொண்டிருந்தது. "வா, வா" என்று வழி காட்டியவள் மேலேயே மாமா ஏற்றிவிட்டார். பதற்றத்தில் கியரைச் சக்கரத்தைப் பூட்டும் 'பார்க்'கில் தள்ளி இன்ஜினையும் அணைத்திருக்கிறார். மறுபடி சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது; கரண்ட் இல்லாமல் கியர் 'பார்க்'கை விட்டு வராது. நாலு பேர் தள்ளியும் கார் இம்மி நகரவில்லை. கயிறு கட்டி இழுக்க அந்தச் சந்துக்குள் வேறு வண்டி வராது.

"சீக்கிரம்டா," என்றாள் அக்கா. நான் காருக்குள் பாய்ந்தேன்.

தெரிந்த வேலைதான். கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கிளப்பி, ஓட்டைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டு அழுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியரை இழுத்தால் நியூட்ரல்; தள்ளினால் வண்டி நகரும். அரை நிமிஷ வேலை.

மூடி வரவில்லை. எப்படி வரும்? போன மாதம் அது கடகடக்கிறது என்று மாமா நச்சரித்தார். சரியாகப் பார்க்கச் சோம்பல்பட்டு, பசையைத் தாராளமாக ஊற்றி ஒட்டியவன் நான்தான். "ஜென்மத்துக்கும் ஆடாது மாமா" என்று பீற்றல் வேறு; பசையைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூடியை உடைத்தேன். ஓட்டை முழுக்கப் பசை கல்லாக இறுகியிருந்தது. பொடிப்பொடியாகக் குத்திப் பெயர்த்தேன். இரண்டு தடவை கையைக் கிழித்துக்கொண்டேன்.

"ஏன் மாப்ளே, கம்பெனிக்காரன் இப்படியா வச்சிருப்பான்?" என்று மாமா அழுதார்.

"ஆமா மாமா, படுபாவிங்க," என்றேன். வாய் கூசவில்லை.

அரை மணி நேரம் ஆனது. கியர் விழுந்ததும் காரைப் பின்னால் இழுத்தார்கள். அக்கா அப்படியே சரிந்தாள்.

"ரத்தம் நிறையப் போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

நாலாம் நாள்தான் அக்கா தெளிவாகப் பேசினாள். இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. "என் தம்பி மட்டும் வரலன்னா நான் செத்திருப்பேன்," என்று நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. நர்ஸ் போனதும் பசையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அக்கா தட்டையாகக் கிடந்த போர்வையை ஒரு முறை தடவினாள். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க மாமா நாலு நாளா ஒரு வாய் சாப்பிடல. ஏத்துனது அவருதான். ஆனா கால் போனதையும் தன் தலையில போட்டுக்கிட்டு சாகுறாரு. போய் அவருகிட்ட சொல்லு."

"அக்கா..."

"போடா."

வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கட்டுப் போட்ட என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கைய விடுங்க மாமா," என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."