ஒட்டுக்கேட்கக் கூட்டிப்போனவள்

வண்ணார்பேட்டையில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று கதவு திறக்குமுன் சொல்லிவிடும் முத்துராணிக்கு, எதிர்வீட்டு ஸ்டெபியின் வேலை மட்டும் பிடிபடவில்லை. காது கேளாதவர்கள் கையால் பேசுவதை இவள் வாயால் சொல்வாளாம், மற்றவர்கள் வாயால் பேசுவதைக் கையால் காட்டுவாளாம். அதற்கு ஒரு படிப்பு வேறாம். டீச்சர் மகள் டீச்சராகாமல் இதற்கு எப்படிப் போனாள் என்று தெருமுழுக்க விசாரித்தாயிற்று.

"காது நல்லா இருக்கவளுக்கு இது என்ன கிறுக்கு?"

முத்துராணி அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். அவள் மகன் கண்ணனுக்கே பிறவியிலிருந்து காது கேட்காது. கை ஆட்டிப் பழகினால் பேச்சு வராது என்று யாரோ சொன்னதை நம்பி, சின்ன வயதில் அவன் கையைத் தட்டித் தட்டி அடக்கியவள் அவள். பேச்சும் வரவில்லை. சோறு, தண்ணீர், வா, போ. தாயும் மகனும் இருபத்தேழு வருஷம் இந்த நாலு சைகையை வைத்தே காலம் தள்ளினார்கள். கூட்டாளிகளோடு மட்டும் அவன் கை மணிக்கணக்காகப் பேசும்.

இரண்டு பெண்களைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டிவிட்டான். ஏன் என்று கேட்க அவளுக்கு வழியில்லை. மூன்றாவது, ராதாபுரத்துச் சந்தனமாரி. அவளுக்கும் காது கேட்காது. இதுவும் தட்டிப்போனால்? இருவரும் பேசுவதை ஒட்டுக்கேட்க ஸ்டெபியையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

"நெசத்தைச் சொல்லுட்டி, இந்த வேலைக்கு எப்படிப் போன?"

"காலேஜ் பஸ்ல ரெண்டு பிள்ளைய கையால பேசிப் பேசிச் சிரிக்கும், அத்தை. என்னையக் கேலி பண்ணுதாளுவளோன்னு சந்தேகம். கண்டுபிடிக்கத்தான் படிச்சேன்."

"ஒன்னையத்தானா?"

"என் ரெட்டைச் சடையை."

முத்துராணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. நம்ம ஆளுதான்.

பெண் வீட்டு முற்றத்தில் கண்ணனும் சந்தனமாரியும் அரைமணி நேரம் பேசினார்கள்.

"என்ன பேசுதாவ?"

"அது அவங்க பேச்சு, அத்தை. சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவேன். எங்க வேலை அப்படி."

"பெறவு ஒன்ன எதுக்குட்டி கூட்டியாந்தேன்?"

காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் கண்ணன் எழுந்து வந்து அம்மாவின் முன்னால் நின்று கையசைத்தான். பக்கத்திலிருந்த ஸ்டெபி வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்குப் பொண்ணு பிடிச்சிருக்கு."

"ஏட்டி, யாருக்கு யாரு அம்மா? ஒனக்கு எதுக்குட்டி பொண்ணு பிடிக்கணும்?"

பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள். ஸ்டெபி சிரிக்கவில்லை. "அண்ணன் சொல்லுதத அண்ணனாவேதான் சொல்லணும், அத்தை. இப்பம் பேசுதது நான் இல்ல."

முத்துராணி மகனைப் பார்த்தாள். அவன் கை நிற்கவில்லை.

"அம்மா, முன்ன பார்த்த ரெண்டு பேருக்கும் கையால பேசத் தெரியாது. வீட்டுல இன்னொரு ஆளும் எங்கூடப் பேசாம இருந்தா எப்படிம்மா?"

இத்தனை வருஷமும் தோளில் தட்டித்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். இன்றைக்கு மூச்சுக்கு ஒரு அம்மா. முத்துராணி ஸ்டெபியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்ட்டி. எந்த நேரத்துல இந்த வேலைக்குப் போனியோ, அந்த நேரம் நல்லா இருக்கணும்."

கண்ணன் புருவத்தை உயர்த்தினான்.

"கையை விடுங்கத்தை," என்றாள் ஸ்டெபி. "நீங்க என்ன சொன்னியன்னு அண்ணன் கேக்காவ."